துவக்குக்காரருக்கு நான் சொன்ன சாட்சி

நாலு வருடமாக ஒரே ஆளிடம் வேலை செய்கிறேன். எனக்கு இது அதிகம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபிறகு ஐந்து நாடுகளில் இருந்துவிட்டேன். எங்கேயும் இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு முதலாளியோடு நின்றதில்லை. ஒக்லாந்துக்கு வந்தும் மங்கரேயில் விமானச் சரக்கு ஏற்றினேன், உணவுக்கடையில் பாத்திரம் கழுவினேன், வெங்காயத் தோட்டத்தில் குனிந்து நின்று முதுகைக் கெடுத்துக்கொண்டேன். அதன்பிறகுதான் முயல் சுடுகிற இந்த மனிதரிடம் வந்து சேர்ந்தேன்.

அவர் பிஜியில் பிறந்தவர். பூட்டன் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பம். வீட்டில் கேட்டுப் பழகிய தமிழ், பாதி வழியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நகரத்தின் தெற்கு ஓரத்தில் குதிரை வளர்ப்பவர்களும் சிறு பண்ணைக்காரர்களும் முயல் தொல்லை என்று கூப்பிட்டால் விடிகிற நேரத்தில் போவோம். சுடுவது அவர். வான் ஓட்டுவதும், பொறி வைப்பதும், செத்ததைப் பொறுக்கிச் சாக்கில் போடுவதும் நான். எனக்குத் துவக்கு லைசென்ஸ் இல்லை. எடுக்க வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. ஊரில் துவக்கு வைத்திருந்தவர்களைப் போதுமான அளவு பார்த்துவிட்டேன்.

போன வருடம் அவருடைய லைசென்ஸ் முடிகிற காலம் வந்தது. புதிதாக எடுப்பதென்றால் பொலிஸ் சார்பில் ஓர் ஆள் வந்து துவக்கு வைக்கும் இரும்பு அலுமாரியைப் பார்ப்பார், விண்ணப்பித்தவரோடு இருந்து கதைப்பார், பிறகு அவரை அறிந்த இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்பார். ஒருவர் குடும்பத்துக்குள், மற்றவர் வெளியே.

"மகள் பேரைப் போட்டேன் தம்பி. இன்னொண்ணு உன் பேரு" என்றார் வானில்.

"என்ரை பேர் எதுக்கு அண்ணை? உங்களுக்கு எத்தினை வெள்ளைக்காரரைத் தெரியும்."

"அவங்க எல்லாம் என்னை முயலோட பாத்தவங்க. நீதான் என்னை சும்மா இருக்கிறப்ப பாத்தவன்."

அந்த வாரம் ஒரு குதிரைப் பண்ணையில் வேலை. பண்ணைக்காரர் எழுபது வயது வெள்ளைக்காரர், அவரிடமும் நாலைந்து துவக்குகள் உண்டு. வேலியோரம் தேத்தண்ணீர் குடிக்கும்போது லைசென்ஸ் பேச்சு வந்தது. ஆளைச் சோதிக்கட்டும், அது சரி, கிறுக்கன் கைக்குப் போகக்கூடாது என்றார் அவர். ஆனால் ஒவ்வொரு துவக்கின் எண்ணையும் பதிவேட்டில் ஏற்றச் சொல்வது அவருக்கு அடியோடு பிடிக்கவில்லை. அந்தப் பட்டியல் கள்ளன் கையில் கிடைத்தால் எந்த வீட்டை உடைப்பது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அரசாங்கம் மனம் மாறினால் எந்தக் கதவைத் தட்டுவது என்று அதற்கும் தெரிந்துவிடும்.

"உங்க காருக்கு நம்பர் இருக்கு. நாயைக்கூட பதிஞ்சு வச்சிருக்கீங்க" என்றார் அண்ணை.

"என் நாயை யாரும் பறிக்க வரமாட்டான்."

"உங்க நாயையா? சும்மா குடுத்தாலும் வரமாட்டான்."

கிழவர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, உங்கள் நாட்டில் எப்படி என்று கேட்டார். நான் பார்த்த பட்டியல்களில் ஆட்களின் பெயர்தான் இருந்தது என்றேன். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்து வைக்க வேண்டும். சுற்றிவளைப்பின்போது எண்ணிப் பார்ப்பார்கள். ஒரு தலை கூடினாலும் குறைந்தாலும் யாரையாவது கூட்டிக்கொண்டு போவார்கள்.

"அப்படியென்றால் நீ என் கட்சி" என்றார்.

தெரியாது என்றேன். உண்மையில் தெரியவில்லை.

அண்ணைக்கும் பதிவு இனித்தது என்றில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கராஜில் மூன்று துவக்குகளையும் மேசையில் கிடத்தி எண்களைத் தேடினார். எங்கள் இருவருக்கும் வாசிப்புக் கண்ணாடி ஒன்றுதான் வானில் கிடந்தது. அவர் போட்டுக்கொண்டு ஒரு எண்ணை வாசித்து என்னிடம் தருவார், நான் போட்டுக்கொண்டு அவருடைய கைப்பேசியில் அடிப்பேன். பழைய துவக்கின் எண் துருவுக்குள் கிடந்தது. கந்தைத்துணியால் தேய்த்துக்கொண்டே, "இத்தனை வருஷம் யாரும் கேக்காத நம்பர்" என்று முணுமுணுத்தார். எல்லாம் ஏற்றி முடிந்ததும், "இனி இது களவு போனா முதல்ல என்னைத்தான் கேப்பாங்க" என்றார். துவக்குகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டும்போது, "கேக்கட்டும்" என்றார்.

என்னை விசாரிக்க வந்தவர் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். நான் பக்குரங்காவில் வாடகைக்கு இருக்கும் அறைக்கு ஒரு காலையில் வந்தார். சீருடை இல்லை. இருந்தது ஒரே கதிரை, அதை அவருக்குக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் இருந்தேன். மரியாதையாகத்தான் கேட்டார். அவர் குடிப்பாரா? தெரியாது. கோபக்காரரா? தெரியாது. அலுமாரிச் சாவியை எங்கே வைப்பார்? தெரியாது. எப்போதாவது மனம் உடைந்து இருந்திருக்கிறாரா?

இல்லை என்றேன்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு அவருடைய மனைவி இறந்துபோனார். சில வாரங்கள் அவர் வேலைக்கு வருவார், ஆனால் வானைவிட்டு இறங்கமாட்டார். நான் பொறிகளைப் பார்த்துவிட்டு வரும்வரை கண்ணாடிக்குள்ளால் புல்லைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஒருநாள் மூன்று துவக்குகளையும் ஏற்றிக்கொண்டு துவக்கு விற்கும் கடைக்கு வானை விடச் சொன்னார். வழியில் ஒன்றுதான் சொன்னார்: "இது வீட்டில இருந்தா எனக்கு நல்லதில்ல தம்பி." நாலு மாதம் அவை அந்தக் கடையின் பாதுகாப்பில் கிடந்தன. நாங்கள் பொறியை மட்டும் வைத்துப் பிழைத்தோம்.

இதில் ஒரு சொல்லும் அந்தப் பெண்ணிடம் நான் சொல்லவில்லை. பொலிஸ் கேட்டால் ஒன்றும் தெரியாதவன் வீட்டுக்குத் திரும்புவான், யாரைப் பற்றிக் கேட்டார்களோ அவனும் தப்புவான். அப்படித்தான் நான் வளர்ந்தேன். நல்ல வேலை செய்துவிட்டதாக நினைத்து அண்ணைக்கு அழைத்தேன்.

"ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. நீங்கள் யோசியாதேங்கோ."

"ஒண்ணுமேவா?" என்றார்.

பத்து நாள் கழித்து அண்ணை என் அறைக்கு வந்தார். விண்ணப்பத்தில் அந்த நாலு மாதத்தையும் அவரே எழுதியிருந்தார். கிளென்ஃபீல்டில் இருக்கும் மகளும் அதையே சொல்லியிருந்தாள். என்னுடைய தாளில் மட்டும் வேறு ஒரு மனிதர் இருந்தார். மூன்று வருடம் கூட இருந்தவருக்கு எப்படி எதுவும் தெரியாமல் போகும், ஏதாவது மறைக்கிறாரா என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறார். விண்ணப்பம் நிற்கிறது. மறுத்தால் துவக்குகளை ஒப்படைக்க வேண்டும். பொறியை மட்டும் நம்பி நாலு மாதம் இருக்கலாம், நாலு வருடம் இருக்க முடியாது. அறுபத்து மூன்று வயதில் அவரை வேறு வேலைக்கு எடுக்க ஆளில்லை.

"பொண்டாட்டி செத்தப்பகூட நான் சந்தோஷமா இருந்தேன்னு சொல்லியிருக்க."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை அண்ணை."

"அவங்க அப்படித்தான் எழுதியிருக்காங்க. அப்படி இருக்கிறவனுக்கு நானே துப்பாக்கி குடுக்க மாட்டேன்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தப் பெண் விட்டுப்போன அட்டையைத் தேடி எடுத்து அவர் முன்னாலேயே அழைத்தேன். நான் சொன்னது உண்மையில்லை, திரும்பச் சொல்ல வேண்டும் என்றேன். பொலிஸ் நிலையத்துக்கு வரச் சொன்னார். என் காலில் நடந்து, யாரும் இழுக்காமல், ஒரு பொலிஸ் நிலையத்துக்குள் போனது அதுதான் முதல் தடவை. எல்லாவற்றையும் சொன்னேன்: வானில் உட்கார்ந்திருந்த வாரங்கள், கடைக்குப் போன பாதை, வழியில் அவர் சொன்ன அந்த ஒரு வசனம். முதலில் ஏன் மறைத்தீர்கள் என்று அந்தப் பெண் கேட்டார். ஊர்க்கதையை நாலு வரியில் சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார், அதை எழுதவில்லை.

பிறகு, "அவர் திரும்பவும் அப்படி ஆகி, தானாகக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்றார்.

வேறு நாடென்றால் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் எனக்குத் தெரியும்.

"உங்களுக்குச் சொல்லுவேன்" என்றேன்.

அதை எழுதினார்.

வெளியே அண்ணை வானுக்குள் காத்திருந்தார். ஏறியதும் அதைத்தான் முதலில் சொன்னேன், பிறகு வேறு யாரும் சொல்லி அவர் கேள்விப்படக்கூடாது என்று.

"உங்களைக் காட்டிக் குடுப்பன் எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறன் அண்ணை."

"அதுக்குத்தானே உன் பேரைப் போட்டேன்" என்றார். சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, வழியில் தெருமூலை டெய்ரிக் கடையில் நிறுத்தச் சொன்னார், பால் முடிந்துவிட்டதாம்.

ஆறு வாரத்தில் லைசென்ஸ் வந்தது. குதிரைப் பண்ணைக் கிழவர் தன் துவக்குகளை இன்னும் பதியவில்லை, கடைசி நாள்வரை பார்ப்பாராம். அந்தப் பெண்ணின் எண் என் கைப்பேசியில் இருக்கிறது. விடியற்காலையில் அண்ணை வந்து வானில் ஏறியதும் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வானை எடுக்கிறேன். நான் பார்ப்பது அவருக்குத் தெரியும். பார்த்து முடியும்வரை முகத்தைத் திருப்பமாட்டார்.