முப்பத்தாறு கம்பிகள்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் முப்பத்தாறு கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்பது தூண், தூணுக்கு நான்கு. கள்ளக்குறிச்சியில் இந்த வீட்டைக் கட்டியபோது, பிற்காலத்தில் மேலே இன்னொரு வீடு எழுப்ப உதவும் என்று நான்தான் விட்டுவைக்கச் சொன்னேன். மூத்தவனுக்குக் கீழே, இளையவனுக்கு மேலே. அப்போது இருவரும் பள்ளிக்கூடம் போகிற வயது.

கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தினமும் காலையில் மாடியேறி அவற்றை எண்ணுவேன். எண்ணாத நாளில் சாப்பாடு இறங்காது. கல்வராயன் மலைப் பக்கம் மேகம் கறுத்தாலே துருப் பயம் பிடித்துக்கொள்ளும். அதனால் தூணுக்கு ஒன்றாக, அடிப்பக்கம் வெட்டிய பெயின்ட் டப்பாக்களை மாட்டி, கம்பியின் அடி மூடும்படி மணல் கொட்டிவைத்தேன். சும்மா கிடக்கிறதே என்று என் மனைவி அவற்றில் கொஞ்சம் மண் போட்டுக் கற்பூரவல்லியும் டேபிள் ரோஸும் நட்டாள். தண்ணீர் டேங்க்கின் நிழல் விழுந்த மூன்று டப்பாக்களில் மட்டும் எதுவும் பிடிக்கவில்லை.

போன தையில் இளையவன் பெங்களூரிலிருந்து பேசினான்.

"வேலைய சேலத்துக்கு மாத்திட்டாங்கப்பா. நம்ம வீட்டுக்கே வந்துடலாம்னு இருக்கோம். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள மேல ரெண்டு ரூம் ஆவுமா? இல்லன்னா சேலத்துல வாடகைக்குப் பாத்துக்கறேன்."

சேலத்தில் குடியேறினால் அங்கேயே இருந்துவிடுவான். எனக்கு எழுபத்து மூன்று. அவன் தீபாவளி, பொங்கல் என்று வருஷத்துக்கு இரண்டு முறை வந்தால், இன்னும் எத்தனை முறை பார்ப்பேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டிருக்கக் கூடாது.

மறுநாளே மேஸ்திரியை மாடிக்கு அழைத்துப்போனேன்.

"இன்னா சார், தூணுல தோட்டம் வெச்சிருக்கீங்க?" என்று சொல்லிக்கொண்டே ஒரு டப்பாவை உருவினார். மணல் பிசுபிசுவென்று ஈரமாக இருந்தது. சுத்தியலால் லேசாகத் தட்டினார். கம்பி அடியோடு முறுக்கு மாதிரி ஒடிந்தது. செடி இருந்த ஆறு தூண்களிலும் தட்டிப் பார்த்தார். இருபத்து நான்கில் பதினேழு ஒடிந்தன. காய்ந்து கிடந்த மூன்று டப்பாக்களில் பன்னிரண்டும் நின்றன.

"தெறந்து வுட்டிருந்தா மழை பேஞ்சாலும் காஞ்சிருக்கும் சார். நீங்க ஈரத்தக் கட்டி வெச்சிட்டீங்க. அம்மா டெய்லி தண்ணி வேற ஊத்திக்கினு இருந்திருக்காங்க."

"நான் ஊத்தறப்போ இவருதான் பக்கத்துல நிப்பாரு," என்றாள் பின்னாலேயே ஏறி வந்திருந்த மனைவி. "ஒரு நாளு வேணாம்னு சொன்னாரா? எண்ணிக்கினு இருந்தாரு."

தூணில் துளை போட்டு, கம்பியைப் பிடித்துக்கொள்ளும் பசை மருந்து வைத்துப் புதுக் கம்பி நடலாமாம். ஆனால் உள்ளே துரு எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறதென்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார் மேஸ்திரி. கீழ் அறையில் மூத்தவனின் பிள்ளைகள் இருவரும் படுக்கிறார்கள். வேண்டாம் என்றேன்.

வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தால் பத்துப் பேருக்கு ஒரே குளியலறை. மிச்சமிருந்தது வீட்டுக்குப் பின்னால், கிணறு வரைக்கும் உள்ள தோட்டத்து இடம். அங்கே போக ஒரு சந்துதான். மூன்றடி இரண்டு அங்குலம். மூன்று தரம் அளந்தேன். பீரோ போகுமா, கட்டில் திரும்புமா, நாளைக்கு ஒன்று ஆனால் நான்கு பேர் தூக்கிக்கொண்டு வர முடியுமா?

மேஸ்திரி சிரித்தார். "சார், குடி வர்றதுக்கு அளக்கறீங்களா, போறதுக்கா?"

இளையவனிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது. அவனுக்கு மாடி என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்தவன் நான். கம்பி, மணல், செடி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தேன். பின்னால் தோட்டத்தில் கட்டலாம் என்றேன். பதினொன்று வரை எண்ணினேன்.

"பின்னாடியா?" என்றான். பிறகு, "சரிப்பா. அம்மா தூணுல செடி வெக்காம பாத்துக்கோங்க."

ஆறு தூணில் பின்வீடு எழுந்தது. ஸ்கூல் திறந்து ஒன்பது நாள் கழித்துத்தான் குடிவந்தார்கள். பீரோ சந்தில் இரண்டு இடத்தில் உரசியது. அதற்கு முன்பு, மேல்தளம் போட்ட அன்று மேஸ்திரி, "மேல கம்பி வுடலாமா சார்?" என்று கேட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. விடச் சொன்னேன், ஆனால் இருபத்து நான்கும் வெளியே தெரியாதபடி, பிறகு உடைத்தெடுக்கிற மாதிரி லேசான கான்கிரீட்டில் புதைக்க வேண்டும் என்று பக்கத்திலேயே நின்றேன்.

இப்போது காலையில் முன்வீட்டு மாடியிலிருந்து அந்த ஆறு கான்கிரீட் மேடுகளையும் எண்ணுகிறேன். இன்று ஏழு வந்தது. மறுபடி எண்ணினேன், ஏழுதான். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். மூலைத் தூணை ஒட்டினாற்போல் ஒரு கற்பூரவல்லி டப்பா. அடியில் ஈரம் கசிந்திருந்தது.