தோளில் விழுந்த தட்டு

நம்புறவங்க நம்புங்க. இது என் அக்கா வீட்டுக்காரருக்கு, பட்டப்பகல்ல, ஆள் நடமாட்டம் உள்ள இடத்துல நடந்தது. மச்சானுக்குப் பொய் சொல்லவே வராது. சீட்டாடும்போது மூஞ்சியைப் பார்த்தே கையில என்ன இருக்குன்னு சொல்லிடலாம்.

அவருக்கு விமானச் சக்கரங்களைப் பார்க்கிற வேலை. மழையில ஒரு விமானம் ஓடுபாதையை விட்டு வழுக்கி சேத்துல இறங்கிடுச்சு. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஷெட்டுக்கு இழுத்து வந்து, ஜாக்கி வச்சுத் தூக்கி, சேத்தைக் கழுவி, சாயம் தடவி விரிசல் தேடினாங்க. எதுவும் இல்லை. சக்கரம் ஒழுங்கா மடங்குதான்னு பார்க்கிறது மட்டும்தான் பாக்கி.

மச்சான் வால்வைத் திறந்தா சக்கரம் மடங்கி விமானத்தோட வயித்துல இருக்கிற குழிக்குள்ள போயிடும். அந்தக் குழிக்குள்ள கடைசியா ஒரு பார்வை பார்க்க வேண்டியவன், கூட வேலை செய்யுற ஒல்லி. கைக்குழந்தைக்காரன். மெஷின் சத்தத்துக்குக் காதை மூடிக்கணும், கண்ணு மீட்டர்லயே இருக்கணும். அதனால உள்ளே போனவன் வெளியே வந்து மச்சான் தோள்ல ஒரு தட்டு தட்டுவான். அப்புறம்தான் வால்வு. வருஷக்கணக்கா அப்படித்தான்.

அன்னைக்கு ஒல்லி ஏறுறதுக்கு முன்னாடியே மச்சான் தோள்ல ஒரு தட்டு. மச்சான் திரும்பினார். யாருமில்லை. ஒல்லி எட்டத்துல நின்னு சிரிச்சான்.

"நான் இல்லைண்ணே. வீட்டுல அண்ணி நினைச்சிருப்பாங்க."

சொல்லிட்டுக் குழிக்குள்ள ஏறினான்.

மெஷின் உறுமுச்சு... முள் ஏறுச்சு...

தோள்ல கை. கனமா... சில்லுனு. சட்டைக்குள்ள ஈரம் இறங்குச்சு.

கை கழுவிட்டு வந்திருக்கான்னு நினைச்சார்.

திறந்தார்.

சக்கரம் மேலே போச்சு... பாதியில நின்னுச்சு. சேறு சிக்கியிருக்கும்னு இன்னும் கொஞ்சம் திறந்தார்.

மடக்.

"டேய் ஒல்லி..."

பின்னாடி யாருமில்லை.

மச்சான் சட்டையில அஞ்சு விரல் சேறு பதிஞ்சிருந்துச்சு. ஒல்லியை வெளியே எடுத்தப்ப அவன் கையுறை சுத்தமா இருந்துச்சாம். யார் கேட்டாங்க அதை? மச்சானுக்கு வேலை போச்சு. கேஸ் நடக்குது. ஒல்லி பொண்டாட்டி கால்ல விழப் போனார், அவ கதவையே திறக்கலை. இப்ப முதுகைச் சுவத்துல ஒட்டிக்கிட்டுத்தான் உட்காருறார். அக்கா பக்கத்துல போனாலே உதறிக்கிட்டு எழுந்திரிக்கிறார்.

போன வாரம்தான் இது தெரிஞ்சது. விமானம் ஏன் பாதையை விட்டு விலகுச்சுன்னு விமானியைக் கேட்டிருக்காங்க. அவர் சொன்னது இதுதான்:

"பின்னாலேர்ந்து யாரோ தோள்ல தட்டினாங்க. திரும்பிட்டேன்."

விமானத்துல அவர் உட்கார்ந்து ஓட்டுற அறைக் கதவு உள்பக்கமா பூட்டியிருந்துச்சு.