ருமைசா மதில் கட்டிய மீன்சுருட்டி

ருமைசாவின் அத்தா அரியலூரில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். அவள் பிளஸ் டூ முடித்த 1996-ஆம் வருஷமே லப்பைகுடிகாட்டு ஹபிபுல்லாவுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு சவூதியில் வேலை. தம்மாமில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் குடோனை அவன் பார்த்துக்கொண்டான். கல்யாணத்துக்கு எடுத்த லீவு முடிந்து அவன் திரும்பிப் போனபோது, அந்த வீட்டில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்பதுகூட ருமைசாவுக்குச் சரியாகப் பிடிபட்டிருக்கவில்லை.

வீட்டில் அவளும் மாமியார் ஆயிஷா பீவியும்தான். மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் யாராவது சும்மா உட்கார்ந்திருந்தால் அவருக்குப் பொறுக்காது. உட்கார்ந்த இடத்தில் கண் அசந்தால்கூட, “என்னா புள்ளே, ஒடம்பு சரியில்லயா?” என்று கேட்டுக்கொண்டே முறத்தில் அரிசியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிடுவார்.

அடுத்த லீவில் வந்த ஹபிபுல்லா, டிவியில் மாட்டி ஆடுகிற வீடியோ கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். அதனுடன் சிவப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் இருந்தது. இருந்தவரைக்கும் சொந்தக்காரப் பையன்களோடு அவனேதான் ஆடினான். அவன் போன பிறகு பெட்டி ஷோகேஸுக்குள் கிடந்தது. ஒருநாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு மாமியார் படுத்திருந்த நேரத்தில், ருமைசா அதை எடுத்து டிவியில் மாட்டினாள். திரையில் புல்லுக்குள்ளிருந்து வாத்துகள் பறந்தன. முதல் நாள் ஒன்றுகூட விழவில்லை. கொஞ்ச நாளில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

சத்தம் கேட்டு எழுந்துவந்த மாமியார் வாசற்படியில் நின்று பார்த்தார்.

“இத்தனை வாத்தைச் சுட்டுப் போடுறியே, யாரு ஆக்குறது?”

“ஆக்க முடியாது மாமி. சும்மா வெளையாட்டு.”

“சும்மாத்தானா?” என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

சும்மா இல்லை என்பது ருமைசாவுக்குத் தெரியும். யார்மீது என்று சொல்லத் தெரியாத ஒரு கோபம் அப்போது அவளிடம் இருந்தது. புருஷன்மேல் கோபப்பட முடியாது, அவன் பாவம், பாலைவனத்தில் கிடக்கிறான். மாமியார்மேலும் முடியாது. வாத்துகள்மேல் முடிந்தது.

மகள் இஃப்பத் பிறந்து, நடக்கப் பழகி, பேசவும் ஆரம்பித்த பிறகு, 2001-இல் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. சவூதியிலிருந்து சாட்டில் பேசலாம், போன் செலவு மிச்சம் என்று ஹபிபுல்லா சொல்லியிருந்தான். பெரம்பலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த சுரேஷ்குமார், டாடா ஏஸ் மாதிரி சின்ன வண்டி எதுவும் இல்லாத காலத்தில், பஸ்ஸிலேயே பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து மாட்டிக்கொடுத்தார். முதல் வெள்ளிக்கிழமை எல்லோரும் கம்ப்யூட்டரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஹபிபுல்லாவின் குரல் விட்டுவிட்டு வந்தது. நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கோம், சாப்பிட்டீங்களா, சாப்பிட்டோம். அதற்குமேல் இரண்டு பக்கமும் பேச்சு ஓடவில்லை. லைன் அறுந்தபோது எல்லோருக்கும் ஒரு நிம்மதிதான்.

கம்ப்யூட்டர் வாங்கியதற்கு சுரேஷ்குமார் சில கேம் சிடிகளைச் சேர்த்துத் தந்திருந்தார். “வூட்ல பசங்க இருக்காங்களாக்கா?” என்று அவர் கேட்டபோது ருமைசா, “இருக்காங்க” என்றாள். இஃப்பத்துக்கு அப்போது மூன்று வயதுகூட ஆகவில்லை.

அந்தச் சிடிகளில் ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டது. இருட்டான நடைவழிகள், இரும்புக் கதவுகள், மூலைக்கு மூலை காவல்காரர்கள். திரையின் கீழே துப்பாக்கி பிடித்த இரண்டு கைகள் மட்டும் தெரியும். முகம் தெரியாது. அந்தக் கைகளைத் தன் கைகள் என்றே ருமைசா வைத்துக்கொண்டாள். கதவை எட்டி உதைத்துக்கொண்டு அவள் நுழைந்தாள். லப்பைகுடிகாட்டில் அவள் தனியாக நுழைந்த இடம் என்று மளிகைக் கடையைக்கூடச் சொல்ல முடியாது.

ஒரு வருஷத்துக்கு மேல் அதிலேயே கிடந்தாள். சுரேஷ்குமாரிடம் புதுசு புதுசாகக் கேட்டு வாங்கினாள். ஆட்டம் பழகப் பழக உடம்பு கெட்டது. எப்போதும் முதுகுக்குப் பின்னால் யாரோ வருகிற மாதிரியே இருந்தது. அடுப்படியில் நிற்கும்போது பூனை குதித்தாலும் தோள் இறுகியது. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளின் முந்தானையைப் பின்னாலிருந்து இஃப்பத் இழுத்தாள். ருமைசா திரும்பிய வேகத்தில் அவள் முழங்கை குழந்தையின் நெற்றியில் இடித்தது. பிள்ளை அழுததைவிட, அம்மாவைப் பார்த்து மிரண்டு நின்றதுதான் அவளைச் சுட்டது. அன்றைக்கே சுரேஷ்குமாருக்குப் போன் போட்டாள்.

“சுடாத கேம் ஏதாச்சும் இருக்குங்களா?”

“சண்டை இல்லாத கேமை யாருக்கா வாங்குவா? ஒண்ணு இருக்கு. சண்டையும் இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி ஊரைக் கட்டணும்.”

அப்படித்தான் அவள் ஊர் கட்டுகிற ஆட்டத்துக்கு வந்தாள். வெறும் பொட்டலில் நாலைந்து பேர் நிற்பார்கள். ஒருவனை விறகு வெட்ட அனுப்ப வேண்டும், ஒருத்தியை வயலுக்கு அனுப்ப வேண்டும், கல் உடைக்க ஆள் வேண்டும். மரமும் கல்லும் சேர்ந்தால் வீடு எழும்பும், மதில் எழும்பும். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் சொல்லி நாலு பேர் வேலை செய்தார்கள். எதிரி மெதுவாகத்தான் வருவான். வந்தால் தடுக்கப் படை வைத்திருக்க வேண்டும். துப்பாக்கி ஆட்டத்தில் விரல்தான் வேலை செய்தது, இதில் தலை வேலை செய்தது. தலைக்கு வந்த அந்த அலுப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

2003 ரமலான் முடிந்த கையோடு ஆயிஷா பீவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. திருச்சியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். பாத்ரூமுக்குப் பக்கம் என்று கம்ப்யூட்டர் இருந்த அறையிலேயே கட்டிலைப் போட்டார்கள். ஹபிபுல்லா வந்து ஒரு மாதம் இருந்தான். தாயின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிறகு போனான்.

அதிலிருந்து ருமைசாவின் நாள் துண்டுதுண்டாகிவிட்டது. புரட்டிப் போடணும், துடைக்கணும், கஞ்சி ஊட்டணும், இஃப்பத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பணும். நடுவில் கிடைக்கிற பத்து நிமிஷத்தில் ஆடலாம் என்று உட்கார்ந்தால் கட்டிலிலிருந்து குரல் வரும். மாமியாரை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு வருவதற்குள் எதிரி மதிலை உடைத்து வயலுக்குத் தீ வைத்திருப்பான். சில நாள் எரிந்த ஊரைப் பார்த்தபடி கையைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருப்பாள். தோற்றதற்காக அல்ல, திரும்ப ஆரம்பிக்கத் தெம்பில்லாமல்.

யூ.பி.எஸ். பேட்டரி மாற்ற வந்த சுரேஷ்குமாரிடம் அவள் இதைச் சொன்னாள். கேம் யாருக்கு என்பதை அவர் எப்போதோ புரிந்துகொண்டிருந்தார். கேட்டதில்லை.

“அப்ப முறை வச்சு ஆடுறது ஒண்ணு இருக்குக்கா. நீங்க உங்க வேலைய முடிச்சுட்டு பட்டனை அமுக்குனாத்தான் எதிராளி நகருவான். நீங்க நாளைக்கு அமுக்குனா நாளைக்கு. எங்க கடைல யாரும் சீந்த மாட்டேங்குறாங்க, தூக்கம் வருதாம்.”

“அதையே குடுங்க.”

அது அவளுக்கென்றே செய்த மாதிரி இருந்தது. அவள் கஞ்சி காய்ச்சிவிட்டு வரும்வரை அந்த உலகம் அப்படியே நின்றது. படையெடுத்து வந்தவன் ஓங்கிய வாளோடு காத்திருந்தான். வேறு யாரும் அவளுக்காக அப்படிக் காத்திருந்ததில்லை.

அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். முதல் நகரம் எழும்பியபோது பேச்சுக்காக மாமியாரிடம் கேட்டாள்.

“இந்த ஊருக்கு என்ன பேரு வைக்கலாம் மாமி?”

ஆயிஷா பீவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணிக்கொண்டு மெதுவாக வந்தது: “மீன்… சுருட்டி.”

அது அவர் பிறந்த ஊர். ருமைசா ஆங்கில எழுத்தில் அடித்தாள். அடுத்த நகரத்துக்கு கங்கைகொண்ட சோழபுரம். பெட்டிக்குள் அத்தனை எழுத்து அடங்காததால் கங்கை என்று மட்டும் நின்றது. அப்புறம் ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், அரியலூர். அவர் வரிசையாகச் சொல்லச் சொல்லத்தான் ருமைசாவுக்கு விளங்கியது. கல்யாணமாகி மீன்சுருட்டியிலிருந்து பஸ்ஸில் வந்த வழியைத்தான் மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் ஆட்டம் இரண்டு பேருடையதாயிற்று. கட்டிலை ஜன்னல் பக்கத்திலிருந்து திரையைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். காலையில் கண் விழித்ததும் மாமியார் குழறியபடியே கேட்பார்: “மீன்சுருட்டிக்கு மதிலு கட்டிட்டியா?”

“பாதி கட்டியிருக்கு மாமி.”

“அந்தத் தாடிக்காரன் என்னாங்குறான்?”

பக்கத்து நாட்டு ராஜா ஒருவன் அடிக்கடி திரையில் முகம் காட்டிப் பேசுவான். அவனுக்கு நீளத் தாடி.

“சமாதானம் பேச வந்திருக்கான் மாமி. ஒத்துக்கவா?”

“ஒத்துக்க. நமக்கு எதுக்கு வம்பு?”

துப்பாக்கி காலத்து ருமைசாவாக இருந்தால் அவன் ஊருக்குள் புகுந்திருப்பாள். இப்போது வம்பு வேண்டாம் என்பது அவளுக்கும் சரியாகவே பட்டது. ஆனாலும் ஒருநாள் தாடிக்காரன் வாக்குத் தவறி உடையார்பாளையத்தைப் பிடித்துக்கொண்டான். ஆயிஷா பீவி அன்றைக்குச் சாப்பிடவில்லை. இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ருமைசா சமையலைப் போட்டுவிட்டு உட்கார்ந்து படை திரட்டினாள். உடையார்பாளையத்தை மீட்கப் பல நாள் ஆயிற்று.

2005 மழைக்காலத்தில் மாமியார் மவுத்தானார். அன்றைக்கே அடக்கம். ஹபிபுல்லாவால் வந்துசேர முடியவில்லை. போனில் அவன் அழுகிற சத்தம் மட்டும் வந்தது, அதற்குப் பின்னால் யாரோ அட்டைப் பெட்டிகளை இழுக்கிற சத்தமும்.

ருமைசா அதன்பின் அந்த ஆட்டத்தைத் திறந்தாளே தவிர ஆடவில்லை. மீன்சுருட்டியையும் கங்கையையும் பார்ப்பாள், பட்டனை அமுக்காமல் மூடிவிடுவாள்.

அடுத்த வருஷக் கடைசியில் ஹபிபுல்லா ஒரேயடியாக வந்துவிட்டான். மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு எலும்பு விலகியிருந்தது. கம்பெனியும் ஆள் குறைத்தது. கட்டிலில் படுத்தே கிடந்தவன், இரண்டு மாதத்தில் கம்ப்யூட்டர் நாற்காலிக்கு வந்தான். தம்மாமில் ரூமில் இருந்த பையன்களோடு வெள்ளிக்கிழமைகளில் அவன் துப்பாக்கி ஆட்டம் ஆடுவானாம்.

“அந்த நேரத்துல மட்டுந்தான் என்னைய யாரும் வேலை ஏவ மாட்டாங்க” என்றான்.

வீடு முழுக்க வெடிச் சத்தம். அடுப்படியில் ருமைசாவுக்குத் தோள் பழையபடி இறுகியது. ஒருமுறை தன் ஆட்டங்களில் ஒன்றை அவனுக்குக் காட்டினாள். விறகு இவ்வளவு, கல் இவ்வளவு, தானியம் இவ்வளவு என்று மேலே ஓடிய எண்களைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கிவிட்டது.

“இங்கயும் ஸ்டாக் பாக்கணுமா? போதும்மா.”

அவனையும் குற்றம் சொல்ல முடியவில்லை.

2007 கோடையில் அவள் அத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று இஃப்பத்தோடு அரியலூர் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள். கம்ப்யூட்டர் பளிச்சென்று இருந்தது. புதுத் துப்பாக்கி கேம் ஒன்று ஓடவில்லை என்று ஹபிபுல்லா சுரேஷ்குமாரின் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறான். அங்கே இருந்த ஆள், எடுத்துவைக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். ஒன்றுமில்லை என்று இவன் சொல்ல, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக்கொடுத்துவிட்டான்.

ருமைசா மீன்சுருட்டியைத் தேடிப் பார்த்தாள். பையைக்கூட இறக்கிவைக்காமல் நின்றபடியே தேடினாள்.

“என்னா தேடுற? கேமா? மறுபடி போட்டு ஆடிக்கலாம்ல?”

அவளுக்குக் கத்த வரவில்லை. கத்துவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னாள். மீன்சுருட்டியைச் சொன்னாள். மதிலைப் பற்றி அவன் தாய் தினமும் கேட்டதைச் சொன்னாள். உடையார்பாளையம் போன அன்றைக்கு அவர் சாப்பிடாமல் கிடந்ததைச் சொன்னாள். இதுவரை அவனிடம் சொல்லாததற்குக் காரணம் ஒன்றுமில்லை. போனில் சொல்கிற விஷயமாக அது இருந்ததில்லை, அவ்வளவுதான்.

ஹபிபுல்லா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான்.

“அம்மா பேசுச்சா? எனக்குப் போன்ல ஒரு வார்த்தகூட வெளங்கலயே.”

“எனக்கு வெளங்கும்ங்க. பக்கத்துலயே கெடந்தேன்ல.”

மறுநாள் இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு அவன் பெரம்பலூர் பஸ் ஏறினான். சாயங்காலம் வந்து, அழித்ததை இனி மீட்க முடியாதாம் என்றான். சுரேஷ்குமார் வருத்தப்பட்டாராம். பையிலிருந்து அந்த முறை வைத்து ஆடுகிற ஆட்டத்தின் சிடியை எடுத்து மேஜைமேல் வைத்தான். மறுபடி தொடங்கு என்று அவன் சொல்லவில்லை. வைத்துவிட்டு முகம் கழுவப் போனான்.

சிடி பல நாள் அங்கேயே கிடந்தது. ஒருநாள் பகல் சாப்பாடு முடிந்து ருமைசா அதைப் போட்டாள். எத்தனை எதிரிகள் வேண்டும் என்று கேட்டது. ஒன்றுமில்லை என்பதைத் தேர்ந்தெடுத்தாள். அப்படி ஒரு வழி இருப்பது அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். அப்போது அதை யார் ஆடுவார்கள் என்று நினைத்திருந்தாள்.

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஹபிபுல்லா பார்த்தான்.

“சண்டையே இல்லாம இதுல என்னா செய்வ?”

“ஆத்தோரமா வயலு போடலாம். ரோடு போடலாம். எனக்கு அது போதுங்க.”

“பேரு?”

“கம்ப்யூட்டர் தானா வச்ச பேரே இருக்கட்டும்.”

அவன் கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். பெரம்பலூரில் ஒரு செல்போன் கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை வரும் என்று சொந்தக்காரர் அன்சார் மாமா சொல்லியிருந்தார். அடுத்த மாதம் அவன் அதற்குப் போனான். வெள்ளிக்கிழமைகளில் இன்னும் துப்பாக்கி ஆட்டம்தான், சத்தத்தை மட்டும் குறைத்துவைத்து.

மற்ற நாள்களில் கம்ப்யூட்டர் ருமைசாவுடையது. ஒரு வயல், ஒரு பாலம். சில நாள் ஒன்றுமே கட்டாமல் பட்டனை மட்டும் அமுக்குவாள், திரையில் ஒரு வருஷம் போகும். அப்புறம் எழுந்து போய் உலை வைப்பாள்.