கன்னத்தில் தேய்த்துப் பார்த்த பனியன்கள்

பேத்திக்கு வாங்கிய புதுச் சட்டையைப் போட்டுவிடும் முன்னால் அதன் தையலைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்தேன். "ஏனுங்கத்தை, சட்டையவே கொஞ்சறீங்களா?" என்று மருமகள் சிரித்தாள். புது பனியன் துணியில் லேசாக மிஷின் ஆயில் வாசம் இருக்கும். அது மூக்கில் ஏறிவிட்டால் நான் அருள்புரத்துக்குப் போய்விடுவேன், பிடித்து நிறுத்த முடியாது.

அங்கே ஒரு சின்ன பனியன் கம்பெனியில், துணி ஓரங்களைப் பிரியாமல் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் டெய்லராக இருந்தேன். அப்போது கைக்குழந்தைகளுக்கான பனியன் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் பைக்கிலிருந்து விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, அவிநாசிபாளையத்தில் கட்டிலோடு கிடந்தார். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு நாள் காலையில் என் மிஷினில் ஊசி உடைந்தது.

ஊசி உடைவது புதிதல்ல. எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் சரக்கு நகராது. குழந்தை உடம்பில் குத்திவிடும் அல்லவா? எனக்கு முனை மட்டும் கிடைக்கவில்லை. மிஷினுக்கு அடியில் என்றோ யாரோ தொலைத்த பழைய முனை ஒன்று கிடந்தது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அதை எடுத்து ஒட்டிவிட்டேன்.

"முழுசா இருக்குதுங்களா?" என்றார் சூப்பர்வைசர்.

"இருக்குதுங்க."

சரக்கு பேக்கிங்குக்குப் போனது. நாலு மணிக்கு லாரி. நான் தைத்துக்கொண்டே ஜெபித்தேன்: 'ஆண்டவரே, அந்த முனை யார் கண்ணிலும் படக் கூடாது.' கர்த்தரையே கூட்டுக் களவாணி ஆக்கப் பார்த்திருக்கிறேன், பாருங்கள்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் நாங்கள் ஐந்து பெண்கள் பனியன் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஜெபிப்போம். ஆளுக்கு ஒரு நாள். அன்று என் முறை. கண்ணை மூடினேன். "அன்புள்ள பிதாவே" என்றதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கடைசியில் ஜெபத்துக்குப் பதிலாக ஊசி விஷயத்தைச் சொன்னேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்த புஷ்பம் என் வயதுக்காரி, பக்கத்து மிஷின். அவள்தான் முதலில் எழுந்தாள்.

"ஏட்டி, ஜெபத்த பெறவு முடிக்கலாம். எந்தப் பெட்டின்னு காட்டு."

சூப்பர்வைசரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஒட்டிய பெட்டிகளை எல்லாம் கிழித்தோம். எங்கள் விரல்கள் காய்த்துப்போனவை, அவற்றுக்கு முனை தெரியாது. அதனால் ஒவ்வொரு பனியனையும் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தோம். ஐந்து பேரும் சாப்பிடவில்லை. மூன்றரைக்கு லாரி வந்து வாசலில் நின்றது. இன்னும் இரண்டு பெட்டி பாக்கி.

"ஸ்" என்றாள் புஷ்பம். அவள் கன்னத்தில் ஒரு பொட்டு ரத்தம். கழுத்துத் தையலுக்குள் முனை இருந்தது.

"நாளைலிருந்து வர வேண்டாமுங்க" என்றார் சூப்பர்வைசர். வேலையை விட்டுத் துரத்தும்போதும் 'ங்க' போடுவது எங்கள் பக்கத்து மரியாதை.

சாயங்காலம் நால்வரும் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார்கள். புஷ்பம் அங்கேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, விட்ட ஜெபத்தை முடித்தாள். "அப்பா, இவளுக்குப் பயம் போயிட்டு, வேலையும் போயிட்டு. வேலைய மட்டும் திருப்பித் தாரும்." எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வேலை இல்லை, வீட்டில் அவர் அப்படியே கிடக்கிறார், ஆனாலும் மனசு லேசாக இருந்தது. அடுத்த மாதம் வீரபாண்டியில் வேலை கிடைத்தது.

அந்த கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். மற்ற மூவரும் எங்கே இருக்கிறார்களோ. புஷ்பம் ஊருக்குப் போய், அங்கேயே இறந்துவிட்டாள். போன வருடம் என் வீட்டுக்காரர் போனபோது ஆறுதல் வசனங்கள் செல்போனில் வந்து குவிந்தன. எல்லாவற்றையும் படித்தேன், ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு இன்னது வேண்டும் என்று கர்த்தரிடம் கேட்க ஆள் இல்லை. நானே கேட்டுக்கொள்கிறேன்.