டாக்டருக்குத் தமிழில் சொன்ன பதில்கள்

"எத்தனை கோல் அடிச்சனி?" என்றுதான் எங்கள் ஆட்கள் எல்லாரும் கேட்பார்கள். அமெரிக்கன் ஃபுட்போலில் லைன்மன் பந்தைத் தொடுவதே அபூர்வம். பாய்ந்து வருகிறவனை உடம்பால் மறித்து, பின்னால் பந்தோடு நிற்பவனைக் காப்பதுதான் என் வேலை. ஜேர்மனியில் அதற்குச் சம்பளம் தந்தார்கள் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

முழங்கால் தேய்ந்தபின், நான் வளர்ந்த சுவிஸுக்கே திரும்பி ஓர் அணியில் சேர்ந்தேன். அடுத்த பருவத்துக்கும் என்னை வைத்திருப்பார்களா என்பது பேர்ண் நகரில் நடந்த அந்த ஆட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் பாதியில் எதிரணித் தடியன் ஒருவன் தலையோடு தலை மோதினான். விழுந்தேன், உடனே எழும்பினேன்.

அணி டாக்டர் என்னை ஓரத்துக்குக் கூட்டிப்போய், தலையில் அடிபட்டால் கேட்கிற வழக்கமான கேள்விகளைக் கேட்டார். இது எந்த ஊர், எந்தப் பாதி, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார். டக்கு டக்கென்று சொன்னேன். மனுசன் முழித்துக்கொண்டு நின்றார். எனக்குச் சினம் பொத்துக்கொண்டு வந்தது. திரும்பவும் உரக்கச் சொன்னேன். தடுப்புக்கு அப்பால் நின்ற என் மனைவியை அவர் கைகாட்டிக் கூப்பிட்டார்.

வந்தவளின் முகம் வெளிறியிருந்தது.

"நீங்கள் தமிழிலை கதைக்கிறியள்," என்றாள்.

நான் சுவிஸ் ஜேர்மன் பேசுவதாகத்தான் நினைத்திருந்தேன். ஓல்டன் ஊரில் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து மைதானத்தில் ஒரு தமிழ்ச் சொல் என் வாயில் வந்ததில்லை.

பதற்றத்தில் மொழி மாறுவது உண்டு என்றார் டாக்டர். அவள் பக்கத்தில் நிற்கத் திரும்பவும் கேள்விகளைக் கேட்டு, பதில்கள் சரியா என்று அவளிடம் விசாரித்தார். பயிற்சியாளரும் பொறுமையிழந்து அவளையே பார்த்தார். சரியெண்டு சொல்லும், சொல்லும் என்று என் மனம் அடித்துக்கொண்டது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. எல்லாம் பிழை என்று டாக்டரிடம் சொன்னாள்.

ஹெல்மெட்டை வாங்கிவிட்டார்கள். என் இடத்தில் வேறொருவன் போய் நின்றான். பதினைந்து வயதிலிருந்து நான் கட்டியதை ஒரே வார்த்தையில் இடித்துவிட்டாளே என்று எனக்குக் கண் சிவந்தது. அம்புலன்ஸில் ஏறியதும் ஏறாததுமாகக் கேட்டேன்.

"நான் சரியாத்தானே சொன்னனான்?"

"ஓம். ஊர், பாதி எல்லாம் சரி."

"பிறகேன் பிழையெண்டு சொன்னனீர்?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா என்னைக் காட்டி ஆரெண்டு கேட்டவர். தெரியாதெண்டு சொன்னனீங்கள்."

அப்படியொரு கேள்வியை அவர் கேட்டதே இன்றுவரை என் நினைவில் இல்லை.