பழனியம்மாளின் கீரைச் சட்டி

சங்ககிரியிலிருந்து வந்த பஸ் கண்டக்டர்தான் மேட்டூர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று சொன்னார். "நர்சம்மா, உங்க பழனியம்மா பிரசவத்துல போயிட்டாங்க. கொழந்தை நல்லாயிருக்குது. ஒடம்புல ரத்தமே இல்லாமக் கெடந்தாங்களாமுங்க." எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சங்ககிரிப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் என்னோடும் தாதி பழனியம்மாளோடும் வேலை பார்த்தவர்களுக்கும், அவள் கையில் பிள்ளை பெற்றவர்களுக்குமாக இதை எழுதுகிறேன். அவளுடைய உரத்த குரல் உங்களுக்கு நினைவிருக்கும். கர்ப்பிணி யார் வந்தாலும் முதலில் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பாள். ரத்தமில்லாமல் வெளுத்திருந்தால் தொலைந்தது. "ஏனுங்க சாமி, என்னத்தத் தின்னுபோட்டு வந்தீங்க?" என்று ஆரம்பித்துவிடுவாள்.

ஒருமுறை பண்ணைக்காரர் வீட்டு அம்மாள் ஒருத்தி, "எங்கூட்டுல நெல்லுச்சோத்துக்கு என்னுங்க பஞ்சம்?" என்று முகம் சுளித்தாள். மெஷினில் தீட்டிய வெள்ளரிசி அப்போது புதுப் பெருமை. "அதுதானுங்க நோவே!" என்றாள் பழனியம்மாள். "இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உங்க காட்டுல வேலை செய்யற ஆளுக்காரிச்சி தின்னற ராகிக்களியிலயும் பண்ணக்கீரையிலயும் இருக்குது. ஒரு மாசம் மாத்தித் தின்னு பாருங்க." வார்டே சிரித்தது. அந்த அம்மாளும் சிரித்துவிட்டாள்.

ஆனால் பிள்ளை பெற்றவளிடம் இந்தப் பேச்சு எடுபடாது. தாய் கீரை தின்றால் பால் வழியாகக் குழந்தைக்கு மாந்தம் வரும் என்பது நம் வீடுகளின் சட்டம். அதை உடைக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் தலைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, வார்டின் பின்னால் மண்சட்டியில் முருங்கைக்கீரை கடைந்து, எல்லோரும் பார்க்க முதல் கவளத்தைத் தானே தின்பாள். "பாருங்க, எம்புள்ள எப்படிச் சிரிக்கறான்னு!" என்பாள். பிறகுதான் மற்றவர்களுக்குப் பரிமாறுவாள். அவர்களும் நம்பித் தின்றார்கள்.

அந்த வருஷ மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அவள் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. அதே தெருவில் இன்னும் சில குழந்தைகளும் போயின. அவற்றின் தாய்மார் கீரையைத் தொட்டவர்களே இல்லை. யார் கேட்டார்கள்? "கீரையத் தின்னே எம்பேரனக் கொன்னுபோட்டாளே!" என்று அவள் மாமியார் ஊர் நடுவே நின்று மாரில் அடித்துக்கொண்டார்.

திரும்பவும் வேலைக்கு வந்தாள். அதே சட்டி, அதே கீரை, அதே அதட்டல். ஆனால் முதல் கவளம் மட்டும் நின்றுபோயிற்று. மறுபடி உண்டானபோது கீரையைத் தொடவில்லை. எள்ளும் வெல்லமும் சூடு என்று மாமியார் சொன்னார், அதையும் விட்டாள். வெறும் வெள்ளைச்சோறும் ரசமும்தான். நான் மேட்டூருக்கு மாற்றலாகிக் கிளம்பிய அன்று அவள் இமையை இழுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "அடிப் பாவி, ஊருக்கெல்லாம் சொல்றவளுக்கு இது தெரியாதா?" என்று கத்தினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "புத்திக்குத் தெரியுதுங்கக்கா. வாய்கிட்டக் கொண்டு போனா அவன் மொகந்தான் தெரியுது. கை போவ மாட்டேங்குது." அதுதான் அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

துக்கம் கேட்கப் போனேன். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, தன் பிள்ளைக்குக் கொடுத்த கையோடு பழனியம்மாளின் பெண் குழந்தைக்கும் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் வட்டிலில் ராகிக்களியும் முருங்கைக்கீரையும். பரிமாறிக்கொண்டிருந்தவர் அந்த மாமியார். "தின்னு சாமி, இன்னுங் கொஞ்சம் போட்டுக்க," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டியை நீட்டினார். "அவ கடையற மாதிரி வந்திருக்குதுங்களா நர்சம்மா? பாத்துச் சொல்லுங்க."

வாயில் போட்டேன். உப்பே இல்லை. "வந்திருக்குதுங்க," என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஆஸ்பத்திரியில் கிடந்த அவளுடைய மண்சட்டியைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். மேட்டூரில் அணை வேலைக்கு வந்த பெண்களுக்கு அதில்தான் கீரை கடைகிறேன். முதல் கவளத்தை அவர்கள் பார்க்க நான் தின்கிறேன். பழனியம்மா, அது உன் கவளம்.