தானாக நியூட்ரலுக்குப் போகும் கார்

திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். வீடு சித்தூரில். ஒன்பது வருஷம் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். இடது முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகு பஸ் படி ஏறுவதே பெரும்பாடாகிவிட்டது. அதனால்தான் கார் வாங்கினோம். கிளட்ச் மிதிக்க வேண்டாத, தானே கியர் மாற்றிக்கொள்ளும் சின்னக் கார். புதிதாக வாங்க வசதியில்லை. ஒரு புரோக்கர் மூலம் பழைய வண்டியாக வந்தது. வெள்ளை நிறம், உள்ளே சீட்டில் ஒரு கறை கிடையாது. அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தவர் நல்லவராகத்தான் இருப்பார் என்று என் கணவர் சொன்னார்.

மூன்றாவது வாரம் சந்திரகிரி தாண்டி ஒரு ஏற்றத்தில் அது முதல் தடவை நின்றது. இன்ஜின் ஓடுகிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் கூடுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. மீட்டர் பக்கத்தில் கியரைக் காட்டும் இடத்தில் நியூட்ரலைக் குறிக்கும் ‘என்’ என்ற எழுத்து விட்டு விட்டு மின்னியது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இன்ஜினை அணைத்து, சாவியைத் திரும்பப் போட்டேன். ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி கிளம்பியது.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கிருந்தவர் லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு, “ஏமீ லேது மேடம், கம்ப்யூட்டர்ல ஒரு கம்ப்ளெயின்ட்டும் காட்டல” என்றார். கியர் ஆயிலை மாற்றினார்கள். பத்து நாளில் பூதலப்பட்டு கிட்டே மறுபடி நின்றது. இந்தத் தடவை சர்வீஸ் சென்டரில் அதே ஆள் என் காலைப் பார்த்துக்கொண்டே, “ஏத்தத்துல பிரேக், ஆக்சிலேட்டர் ரெண்டையும் சேர்த்து மிதிக்கிறீங்களா மேடம்? லேடீஸ் கொஞ்ச பேர் அப்படித்தான் ஓட்டுறாங்க” என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லியிருக்க வேண்டிய பதில்களைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அதற்கப்புறம் ஓட்டுவதில் நிம்மதி போய்விட்டது. பாட்டு போடுவதை நிறுத்தினேன். ஏசியை நிறுத்தினேன். கண் பாதி நேரம் ரோட்டில், பாதி நேரம் அந்த எழுத்தில். எந்த லாரியையும் தாண்டிப் போக மாட்டேன், இடது ஓரமாகவே போவேன். லேப்பில் ரத்த சாம்பிளைக் கையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் எந்த ஏற்றத்தில் நிற்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் ஒரே சாம்பிளுக்கு இரண்டு தடவை லேபிள் ஒட்டிவிட்டேன். அன்றைக்கு எனக்கே பயம் வந்துவிட்டது.

என் கணவர் ஸ்ரீ சிட்டியில் வேலை செய்கிறார், கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

“இப்படி பயந்துக்கினே ஓட்டுனா எப்படி? வித்துடு” என்றார்.

“எவனாவது வாங்கணுமே.”

“நின்னாத்தானே தெரியும். எப்பவோ ஒரு வாட்டிதானே நிக்குது.”

அவர் சொன்னது தப்பு என்று எனக்குத் தெரிந்தது. இருந்தாலும் மறுநாளே நாலு பக்கமும் போட்டோ எடுத்து இன்டர்நெட்டில் விளம்பரம் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெதுருகுப்பத்திலிருந்து ஒரு ஸ்கூல் வாத்தியார் மனைவியோடு வந்தார். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம் இருக்கும். பிரசவத்துக்கு முன்னால் வண்டி வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, அந்தப் பெண் பின்னால் உட்கார, கங்காதர நெல்லூர் வரை போய்த் திரும்பினோம். போன தூரமெல்லாம் நான் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு மட்டும் நிற்காதே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். நிற்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இறங்கும்போது அந்தப் பெண் கேட்டாள், “அக்கா, ஏதனா தொல்லை குடுக்குமா?”

“நல்லாத்தான் ஓடுது” என்றேன்.

அடுத்த ஞாயிறு பணத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பெண் கேட்டை மூடும்போது வண்டியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நான் உள்ளே போய்க் காபி போட்டேன், குடிக்க முடியவில்லை. சொன்னது பொய்யும் இல்லை, அன்றைக்கு நன்றாகத்தான் ஓடியது என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனசில் ஒட்டவில்லை.

விற்கும் காகிதங்களை எடுத்து வைக்கும்போது, எனக்கு முன்னால் அந்த வண்டியை வைத்திருந்தவரின் விலாசம் கண்ணில் பட்டது. திருச்சானூர். தினமும் நான் வேலைக்குப் போகும் ஊரை ஒட்டித்தான். அவர் தெரிந்தே விற்றாரா என்று கேட்டுவிட வேண்டும் என்ற வேகம் வந்தது. செவ்வாய்க்கிழமை டியூட்டி முடிந்ததும் நேராக அங்கே போனேன்.

கோயிலுக்குப் பின்னால் லாட்ஜுகளுக்கு நடுவில் ஒடுங்கிய தெரு. காரை நிறுத்தும்போதே வாசலில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். நெற்றியில் திருமண், தோளில் அங்கவஸ்திரம். என்னைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தார். கிட்டே வந்து பானெட்டில் கை வைத்தார்.

“இது எங்காத்து வண்டியாச்சே” என்றார்.

“ஆமாங்க. நான்தான் வாங்கியிருக்கேன். ஒண்ணு கேக்கணும்.”

“நிக்கறதா?”

அவர் கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. “உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்மா.” அவர் குரல் கொஞ்சமும் உயரவில்லை. “ஒரு வருஷம் பட்டிருக்கேன். ஒரு தடவை ரயில்வே கேட்டுல, தண்டவாளத்து மேலயே நின்னுடுத்து. பக்கத்துல எங்காத்து மாமி. சாவியப் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, எப்படியோ தாண்டினோம். அடுத்த வாரமே கொடுத்துட்டேன். புரோக்கர் கேக்கலை, நான் சொல்லலை.”

“அந்த வண்டியத்தான் நான் தெனம் ஹைவேல ஓட்டுறேன், சாமி. நான் செத்தா உங்களுக்குப் பரவாயில்லையா?”

அவர் பானெட்டிலிருந்து கையை எடுத்தார். “நீங்க கேக்கறது நியாயம்தான்” என்றார். பிறகு, “இப்போ என்ன பண்ணப் போறேள்?” என்று கேட்டார்.

“விக்கப் போறேன். ஆள் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க.”

“அவாகிட்ட சொல்லிட்டேளா?”

குத்திக்காட்டுவதற்காக அவர் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தத் தெருவில் அன்றைக்குக் கோபப்படும் உரிமை எனக்கு அதோடு முடிந்தது.

அவர் உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். “ஆட்டோ நகர்ல ஒரு எலக்ட்ரீஷியன் இருக்கான், கெட்டிக்காரன். அவன்கிட்ட நாலு தடவை கொண்டு போனேன். அங்க போய் நின்னா வண்டி சமத்தா இருக்கும். அவன் சொல்லுவான், நிக்கறச்சே அணைக்காம அப்படியே விட்டு என்னைக் கூப்பிடுங்கோன்னு. எனக்கு தைரியம் வரலை. ஹாரன் அடிச்சா கை தானா சாவிக்குப் போயிடும். வாங்கோ, இன்னிக்கு நிக்கற வரைக்கும் ஓட்டலாம்.”

ஒன்றரை மணி நேரம் ஓட்டினேன். பைபாஸில் ஏறி இறங்கி, திரும்பவும் ஏறி. இத்தனை நாள் நிற்காதே என்று வேண்டிக்கொண்ட நான் அன்றைக்கு நின்று தொலை என்று வேண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் திருச்சானூர் ரோட்டில் ஒரு சின்ன ஏற்றத்தில் ‘என்’ மின்னியது.

“அணைக்காதேங்கோ” என்றார் அவர்.

வண்டியைப் பின்பக்கமாக மெல்ல உருளவிட்டு ஓரத்தில் ஹேண்ட்பிரேக் போட்டேன். பாதி ரோட்டை அடைத்துக்கொண்டுதான் நின்றது. அவர் எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்துவிட்டு இறங்கி, பின்னால் போய் நின்று, அங்கவஸ்திரத்தை எடுத்து வீசி வீசி வண்டிகளை விலக்கிவிட்டார். ஷேர் ஆட்டோக்காரர்கள் தெலுங்கில் திட்டிவிட்டுப் போனார்கள். நான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையை விட்டால் அது சாவிக்குப் போய்விடும். முக்கால் மணி நேரம் இருக்கும். பஸ்ஸில் ஒன்பது வருஷம் நின்றுகொண்டே போனது கூட அவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

எலக்ட்ரீஷியன் பைக்கில் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இறங்கும்போதே, “ஆஃப் சேயொத்து மேடம்” என்று, அணைக்க வேண்டாம் எனக் கையைக் காட்டினார். பானெட்டைத் திறந்து, ஒவ்வொரு ஒயராகப் பிடித்து அசைத்தார். பேட்டரிக்கு அடியில் கையை விட்டு எதையோ அழுத்தினார். மீட்டரில் மின்னுவது நின்று எழுத்து நிலையாக நின்றது. கையை எடுத்தார், மின்னியது. அழுத்தினார், நின்றது.

“இதிகோ, இங்கதான்” என்றார்.

பிறகு வண்டியை அணைத்துப் பேட்டரியை வெளியே எடுத்தார். கியருக்குப் போகும் ஒயர்கள் சேரும் சாக்கெட் ஒன்று அதற்கு அடியில் இருந்தது. கழற்றிக் காட்டினார். உள்ளே இருந்த உலோகப் பின்களெல்லாம் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தன. ரப்பர் ஒரு பக்கம் கிழிந்திருந்தது.

“தண்ணி போயிருக்கு. இஞ்சின் வாட்டர் வாஷ் சேசாரா?” என்று என்னைக் கேட்டார்.

நான் இல்லை என்றேன். பெரியவர்தான் பதில் சொன்னார்.

“நான் பண்ணினேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. வாசல்ல நிறுத்தி, பானெட்டத் திறந்து, பைப்ப வெச்சு நன்னா அடிச்சு அலம்புவேன். சுத்தமா இருக்கணுமேன்னு.” சொல்லிவிட்டு அந்தப் பச்சையை விரலால் தொட்டுப் பார்த்தார். “என் கையாலயே கெடுத்திருக்கேன்.”

மறுநாள் எலக்ட்ரீஷியன் புது சாக்கெட் போட்டுக் கொடுத்தார். பெரியவர் அன்றைக்கும் வந்து கூடவே உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் வாத்தியாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நின்றது, சொல்லாமல் மறைத்தது, இப்போது சரி செய்தது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“மேடம், அன்னைக்கு எங்க வீட்டம்மா பின்னாடி உக்காந்துக்கினு இருந்தாங்க” என்றார்.

“தெரியும் சார். தப்பு என்னோடதுதான்.”

“இப்ப சரியாயிடுச்சுன்னு நீங்க சொல்றத மட்டும் எப்படி நம்புறது?”

அவர் மரியாதையாகவே போனை வைத்தார். பிறகு கூப்பிடவில்லை. நானும் விளம்பரத்தை எடுத்துவிட்டேன்.

எட்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு வண்டி ஒரு தடவை கூட நிற்கவில்லை. ஏசி போட்டுக்கொள்கிறேன், லாரிகளைத் தாண்டுகிறேன். ஆனாலும் ஏற்றம் வந்தால் கண் அந்த எழுத்துக்குப் போய்விடுகிறது. போன மாதம் எங்கள் லேப்பில் புதிதாகச் சேர்ந்த பெண், அவளும் சித்தூர்தான், கூட வரட்டுமா என்று கேட்டாள். பார்க்கிங்கில் நின்றபடியே முதலிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, “இன்னிக்கு பஸ்ல போறேன் மேடம், யோசிச்சிட்டு நாளைக்குச் சொல்றேன்” என்றாள்.

சரி என்று சொல்லி, அவளை பஸ் ஸ்டாண்டில் மட்டும் இறக்கிவிட்டுக் கிளம்பினேன்.